அண்ணி அழித்த கோப்புகள்

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. கம்பெனியை நடத்திய அண்ணன் தம்பி இருவரில் மூத்தவருக்கு அவர் மனைவி. இளையவர் முதல் நாளே "அண்ணி" என்று கூப்பிட்டார். அதைக் கேட்டுக் கணக்கு பார்க்கும் பெண் கூப்பிட்டார், பிறகு கொரியர்க்காரர், பிறகு கீழே டயர் கடை வைத்திருந்தவர். கடைசியில் வாடிக்கையாளர்களும் அந்த வழக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தலை முழுக்க நரைத்த கால்நடை மருத்துவர்கள்கூட போனில் "அண்ணி இருக்காங்களா" என்றுதான் கேட்டார்கள். ஊருக்கெல்லாம் அண்ணியாக இருப்பதில் ஒரு வசதி, யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஒரு சங்கடம், எந்த வழக்கானாலும் தீர்ப்புக்கு அவரிடமே வரும். நாமும் அவரை அண்ணி என்றே சொல்லிவிடுவோம். அவர் கணவரை ஆபீசில் பெரியவர் என்பார்கள், கொழுந்தனைச் சின்னவர் என்பார்கள். இந்தக் கதைக்கு இந்த மூன்று பேர் போதும்.

ஆபீஸ் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் மேலே போனில் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். கால்நடை மருத்துவமனைகளுக்கான மென்பொருள் செய்து விற்றார்கள். எந்த நாய்க்கு எப்போது ஊசி, எந்தப் பசு எத்தனையாவது மாதம், பூனையைக் கொண்டுவந்தவரின் போன் எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். சின்னவர் ஊர் ஊராகப் போய் விற்பார். பெரியவர் எழுதுவார். அண்ணியும் எழுதுவார், எழுதியதை எல்லாம் சோதிப்பார், வருகிற போனை எல்லாம் எடுப்பார். திருமணத்துக்கு முன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் புரோகிராமராக இருந்தவர் அவர். இருக்கிற பிழையை மறைக்கத் தெரியாது. வேண்டாததை ஒரு நாள் கூட வைத்துக்கொள்ள மாட்டார். அவருடைய மேஜையில் தூசி உட்காரப் பயப்படும் என்று சின்னவர் கிண்டல் செய்வார்.

இந்த மாதிரி மென்பொருளில் இரண்டு பாகம் உண்டு. கண்ணால் பார்க்கிற திரை ஒன்று, தகவல் எல்லாம் அடைந்து கிடக்கிற தரவுத்தளம் ஒன்று. இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் தரகர் நடப்பது போல ஒன்று இடையில் போய் வந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு இணைப்பு என்று பெயர். தரவுத்தளத்தை விற்கிற பெரிய கம்பெனியே இணைப்பையும் கொடுக்கும். அந்தக் கம்பெனி கடல் கடந்து எங்கோ இருந்தது. அதனிடம் இரண்டு வகை இணைப்பு இருந்தது. பொது இணைப்பு யாருடைய தரவுத்தளத்தோடும் பேசும். சொந்த இணைப்பு அந்தக் கம்பெனி தனக்கென்றே செய்துகொண்டது. அதற்கு வேகம் அதிகம், பிகுவும் அதிகம்.

சகோதரர்கள் தொழில் தொடங்கியபோது பொது இணைப்பில்தான் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்தில் பெரிய கம்பெனி, "பொது இணைப்பு பழசாகிவிட்டது, எல்லோரும் சொந்த இணைப்புக்கு வாருங்கள், எதிர்காலம் அதுதான்" என்று சொன்னது. பெரியவர் நம்பினார். ஒரு வருடம் உட்கார்ந்து சொந்த இணைப்புக்கான பகுதியை மொத்தமாகப் புதிதாக எழுதினார். அவர் வாழ்க்கையில் செய்த நல்ல வேலை எது என்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் காட்டியிருப்பார். கல்யாண ஆல்பத்தைக் காட்ட மாட்டார். அதன் நடுநடுவே அவர் தமிழில் குறிப்பு எழுதிவைத்திருந்தார். ஓரிடத்தில் "இங்கே கை வைத்தால் நான் பொறுப்பல்ல" என்றிருக்கும். இன்னோரிடத்தில் "இது ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது, ஓடுகிற மாட்டை அடிக்காதே" என்றிருக்கும். அண்ணி சோதிக்கும்போதெல்லாம் அதைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொள்வார்.

பத்துப் பன்னிரண்டு வருடம் அது சிவனே என்று ஓடியது. அதன் பிறகு ஒரு நாள் அதே பெரிய கம்பெனி அதே தெம்போடு இன்னொரு அறிவிப்பு விட்டது. சொந்த இணைப்புக்கு இனி எதிர்காலம் இல்லை. அடுத்தடுத்த தரவுத்தளங்களில் அது இருக்காது. எல்லோரும் பொது இணைப்புக்குத் திரும்புங்கள், உலகமே அங்கேதான் போகிறது.

மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்களே, அந்தக் கதைதான். சின்னக் கம்பெனி ஒன்று வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பார்கள். பெரிய கம்பெனி சொன்னதால் அதற்கு "தொலைநோக்கு" என்று பெயர் வைத்தார்கள்.

மாடியில் இருந்த ஒரே பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மூவரும் பேசினார்கள். சின்னவருக்குப் பதற்றம். வாடிக்கையாளர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு அவரைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

"மாத்தியே ஆகணும்ணா. இல்லேன்னா அடுத்த வருஷம் நம்ம சாமானே ஓடாது."

"ஓடும்," என்றார் பெரியவர். "அவன் சொன்னதை அவனே மறந்துடுவான். ரெண்டு வருஷம் சும்மா இரு."

"சும்மா இருந்தா சோத்துக்கு யாரு போறது?"

"அவன் குதின்னா குதிக்கறதும், உக்காருன்னா உக்கார்றதும் எனக்கு ஒத்துவராது."

சின்னவர் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு இந்தப் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியும்."

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அண்ணி கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் மனதில் கணக்கு தெளிவாக இருந்தது. அறிவிப்பு அறிவிப்புதான், நம்மை நம்பி இருக்கிற மருத்துவமனைகளைச் சூதாட்டத்தில் வைக்க முடியாது. "மாத்திடலாம் தம்பி," என்றார். சொல்லும்போது கணவர் பக்கம் திரும்பவில்லை. பெரியவர் எழுந்து போய் ஜன்னலருகே நின்று தேநீர் குடித்தார்.

அதற்கப்புறம் மாற்றுகிற வேலையில் பெரியவரும் கூடவே உட்கார்ந்தார். கோபம் இருந்தால்தானே வேலை கெடும். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது, அதை அவர் அடக்கமாகவே வைத்திருந்தார். வேலை முடிந்து புதிய பகுதி ஓட ஆரம்பித்தது. பழையதை எடுக்க வேண்டிய நாள் வந்தது.

எடுப்பதற்கு அந்த ஆபீசில் ஒரு விதி இருந்தது, பெரியவரே போட்டது. ஒரு பகுதி வேண்டாம் என்று முடிவானால் அதை முழுதாக அழித்துவிட வேண்டும், பிரதி எதுவும் எங்கும் இருக்கக் கூடாது. ஒரு தடவை யாரோ பழைய பிரதியை எடுத்து ஒரு மருத்துவமனையில் போட்டுவிட்டு, அங்கே ஆடுகளுக்கெல்லாம் குதிரையின் மருந்தளவு காட்டிய பிறகு வந்த விதி அது. விதியின் இன்னொரு பாதி, எழுதியவர்தான் தன் கையால் அழிக்க வேண்டும் என்பது. அடுத்தவர் எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது. சின்னவர் எழுதிய நாலு வரி அறிக்கையைக்கூட, அவர் வெளியூரிலிருந்து வரும் வரை காத்திருந்து, அவரை உட்காரவைத்துத்தான் அழித்தார்கள்.

அன்று பெரியவர் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தார். மாலையில்தான் வருவார். அண்ணி அவருடைய நாற்காலியைப் பார்த்தார். அவர் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, தான் எழுதிய குறிப்புகளைப் படித்து, ஒவ்வொன்றாக அழிப்பதை நினைத்துப் பார்த்தார். அண்ணியால் தாங்க முடியவில்லை. அந்த வேதனையை அவருக்குக் கொடுப்பானேன் என்று நினைத்தார். நினைத்தவர், பெரியவரின் இயந்திரத்திலும் சர்வரிலும் பிரதி வட்டுகளிலும் இருந்த அத்தனையையும் தானே அழித்தார். எதைச் செய்தாலும் துப்புரவாகச் செய்கிற கை. ஒரு வரி மிஞ்சவில்லை.

பெரியவர் வந்து கணினியைத் திறந்தார். கொஞ்ச நேரம் தேடினார்.

"எங்க அது?"

"எடுத்துட்டேங்க. உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்னு."

"சரி," என்றார் பெரியவர்.

அவ்வளவுதான். மறுநாள் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். இரண்டு வாரத்தில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பலகையைச் சரிபார்க்கிற வேலை. "வயசான காலத்துல எதுக்கு இது," என்று சின்னவர் கெஞ்சினார். "லிஃப்ட்டுக்கு ரெண்டே திசைதான்டா. மேலே சொன்னா மேலே போவும். நாளைக்கு வந்து பக்கவாட்டுல போன்னு யாரும் அறிவிக்க மாட்டான்," என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். உள்ளே எதுவோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. அந்தப் பெரிய கம்பெனி மட்டும் அப்படி அறிவிக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

வீட்டில் சண்டை என்று எதுவும் இல்லை. பெரியவர் மாலையில் கிரீஸ் வாசனையோடு வருவார். கை கழுவுவார். வேலைக்குப் போன இடத்துக் கதைகளைச் சொல்வார். ஒரு குடியிருப்பில் கிழவர் ஒருவர் லிஃப்ட்டுக்குள் நாற்காலி போட்டு நாளெல்லாம் செய்தித்தாள் படிக்கிறார் என்று சொல்லிச் சிரிப்பார். அண்ணி கேட்பார், தானும் சிரிப்பார். ஆனால் இணைப்பு என்கிற சொல் மட்டும் அந்த வீட்டிலிருந்து வெளியேறிவிட்டது. வெளியூரில் படித்த மகள் விடுமுறையில் வந்தபோது, "ஆபீஸ் எப்படிம்மா போவுது" என்று கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர்ச் செம்பை நோக்கிக் கை நீட்டினார்கள்.

பொது இணைப்புக்கு மாறிய சில மாதங்களில், கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஒரு மருத்துவமனையில் ஒரு நாய் கம்பவுண்டரின் முன்கையைக் கவ்விவிட்டது. அந்த நாயின் பக்கத்தில் குறிப்பு என்ற இடத்தில் "கடிக்கும், வாய்க்கட்டு போடாமல் தொடாதே" என்று முன்பே விளக்கமாக எழுதியிருந்தார்கள். அன்று திரையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. தேடிப் பார்த்தால் பல மிருகங்களின் நீளமான குறிப்புகள் வெறுமையாக வந்தன. தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கின்றன, திரைக்கு வந்து சேரவில்லை.

அண்ணி நாள் முழுக்க மாடியில் பார்த்தார், மாலையில் வீட்டுக்கு வந்தும் சின்னவரோடு போனில் அதையே பேசிக்கொண்டிருந்தார். "சின்னச் சின்னதெல்லாம் வருது தம்பி. நீளமா இருக்கறதுதான் வரமாட்டேங்குது. எல்லாத்துலயும் இல்ல, சிலதுலதான்." எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவரின் கை தட்டுக்கு மேலேயே நின்றது. அவர் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார். அந்த நொடியில் அண்ணிக்குப் புரிந்தது, இவருக்கு இது தெரியும். தொழிலின் ஆரம்பத்தில் பொது இணைப்போடு மல்லுக்கட்டியவர் இவர். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார்.

அண்ணி கேட்கவில்லை. பெரியவரும் சொல்லவில்லை. அவர் கை மறுபடி தட்டுக்கு இறங்கியது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் வேலையாக, அண்ணி தானே தட்டுத் தடுமாறி அதைக் கண்டுபிடிக்கப் பல நாள் ஆயிற்று. பொது இணைப்பில் ஒரு பழைய வீம்பு உண்டு. நீளமான குறிப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கேட்க வேண்டும். நடுவில் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டால், திரும்பி வரும்போது கையை விரித்துவிடும். பெரியவர் போன பிறகு அண்ணி எழுதிய திரைகளில் அந்த வரிசை தப்பியிருந்தது, அதை மாற்றியதும் எல்லாம் வந்தது. கம்பவுண்டரின் கையும் ஆறியது. அண்ணி அதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், ஏன் என்னைக் கேட்கவில்லை என்கிற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லப் போனால் அந்த நாற்காலி வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

வருடங்கள் போயின. மகள் படித்து முடித்து வேலைக்குப் போனாள். கம்பெனி ஏதோ ஓடியது. இருநூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் பொது இணைப்பில் முனகாமல் ஓடின. அண்ணி தன் முடிவு சரிதான் என்று மனதுக்குள் அவ்வப்போது சொல்லிக்கொள்வார். அறிவிப்பு வந்தது, மாற்றினோம், தப்பித்தோம். தப்பித்தவர்களுக்கு இத்தனை அடிக்கடி சமாதானம் தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

ஆறாவது வருடம் ஒரு காலை, சின்னவர் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். செய்தியைச் சொல்ல வந்தவர் முதலில் சிரித்தார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய கம்பெனி மனதை மாற்றிக்கொண்டுவிட்டது. சொந்த இணைப்பு சாகவில்லை. புதிதாக வந்திருக்கிறது, இனி புதிய வசதிகளெல்லாம் அதில்தான் நன்றாக ஓடும். ஊர் முழுக்கக் கிளைகள் வைத்திருக்கிற ஒரு மருத்துவமனைக் குழு, நாங்கள் அதற்குத்தான் போகிறோம், உங்களால் முடியுமா முடியாதா என்று கேட்டுவிட்டது. முடியாது என்றால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

"அண்ணன் எழுதினது மட்டும் இருந்திருந்தா கொஞ்சம் தட்டிக்கொட்டி ஓட்டிடலாம்," என்றார் சின்னவர். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டார். "சரி, போனது போச்சு. அண்ணனைக் கூப்பிடுங்க அண்ணி. நான் கேட்டா லிஃப்ட் கதை சொல்லுவாரு. நீங்க கேட்டாத்தான் வருவாரு."

கீழே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. அண்ணி அது நிற்கும் வரை காத்திருக்கிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். நின்ற பிறகும் அப்படியே இருந்தார். ஆறு வருடமாக அவர் தன் பாரத்தை எல்லாம் ஏற்றி வைத்திருந்தது அந்த அறிவிப்பின் மேல்தான். அவன் சொன்னான், அதனால் செய்தேன். இப்போது அவன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாற்றச் சொன்னது அவன்தான், அது அவனோடு போகட்டும். ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து அழிக்கச் சொன்னது யார்? அதை யாரும் அறிவிக்கவில்லை. அண்ணிக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கேட்டு, அவர் வரமாட்டேன் என்றுவிட்டால் கம்பெனிக்கு என்ன ஆகும் என்பதைவிட, இனிமேல் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் எப்படி எதிரெதிரே உட்காருவது என்பதுதான் பெரிதாக இருந்தது.

அன்று மாலை பெரியவர் வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, தேநீரோடு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தக் கம்பெனிக்காரன் மறுபடி மாத்திட்டான்."

"எதை?"

"சொந்த இணைப்பை. அதை எடுக்கப் போறதில்லையாம். புதுசா விட்டிருக்கான்."

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் வீட்டுக்குள் வந்திருக்கிறது. பெரியவர் தேநீரைக் கீழே வைத்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். "பழைய குருடி கதவைத் திறடியா?"

"நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரியாப் போச்சு."

"நான் என்னத்தச் சொன்னேன். மாத்த மனசில்லாம சொன்னது. அவன் மாத்தாம இருந்திருந்தா நான்தான் முட்டாள். உன் இடத்துல யாரு இருந்தாலும் மாத்தத்தான் சொல்லியிருப்பாங்க." இதைச் சொல்லும்போது அவர் குரலில் பொய் இல்லை. அண்ணிக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தம்பி உங்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னாரு."

பெரியவர் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அறிவிப்புல என்ன காரணம் போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

"உபயோகிக்கிறவங்களைச் சரியாக் கேக்காம முடிவெடுத்துட்டோம், அது எங்க தப்புன்னு போட்டிருக்கான்."

"அப்படியே போட்டிருக்கானா?"

"ஆமா."

"பரவாயில்லையே," என்றார் பெரியவர். "என் மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல அவன். ஆறு வருஷம் கழிச்சாவது சொல்றான்."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாரா, யதார்த்தமாகச் சொன்னாரா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. எப்படிச் சொன்னாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. அண்ணி கத்தியை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. வெங்காயத்தின் மேல் பழி போட இந்த முறை அவருக்கு மனம் வரவில்லை.

"நீங்க வர்ற வரைக்கும் நான் இருந்திருக்கணும்," என்றார். "உங்களுக்காகத்தான்னு சொன்னது பொய். பயந்துட்டேன்."

"என்ன பயம்?"

"நீங்க அங்க உக்காந்து அழுதுடுவீங்களோன்னு. எல்லாருக்கும் முன்னால நீங்க அழுது, அதை நான் பார்க்கணுமேன்னு."

பெரியவர் ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அழுதிருப்பேன்," என்றார். "அழுதுட்டு மறுநாள் வேலைக்கு வந்திருப்பேன். அதுக்கடுத்த நாளும், இன்னைக்கு வரைக்கும் வந்துக்கிட்டிருந்திருப்பேன்."